கொசுவம் பின்பக்கம்

ஜூலை 16, புதன்
காரிக்பான், மேயோ மாவட்டம், அயர்லாந்து

உறுதியான கடைசித் தகவல்: ஹெலிகாப்டர் தேடல் நேற்று மாலையோடு நிறுத்தப்பட்டது. இனி படகுகளும், கரையோரம் நடந்து தேடும் தன்னார்வலர்களும் மட்டும். தகவல் தந்தவர் இவ்வூர்க் காவல் நிலையத்தின் சார்ஜென்ட் ப்ரீஜ் கீவனி. நேரில் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். சொல்லும்போது கண்ணைப் பார்த்தார்.

என் மகன் நாதனைக் காணவில்லை. ஜூலை ஆறாம் தேதி, ஞாயிறு பிற்பகல், வடக்குப் பாறைக்குத் தூண்டில் போடப் போனான். தூண்டிலும் காலணியும் பாறைமேல் இருந்தன. அலை இழுத்ததைப் பார்த்தவர் எவரும் இல்லை.

நெல்லையில் இருந்தபடி கடலோரச் செய்திகளை முப்பது வருடத்துக்கு மேல் எழுதியவன் நான். உடல் கிடைத்து, அடையாளம் காட்டப்படும்வரை ‘மாயம்’ என்றுதான் எழுதவேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் எழுதினால் செய்தி ஆசிரியர் பிரதியைத் திருப்பி அனுப்புவார். அந்த விதி இங்கும் பொருந்தும்.

நாதன் குடியிருந்த மாடி அறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்காரப் பெண்மணி மரெய்ட். கணவர் இல்லை. அவருடைய தம்பி டோனல் லவெல் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார், ஊர் பேக்பைப் இசைக்குழுவுக்கும் தலைவர். நாதன் அந்தக் குழுவில் டிரம் வாசித்தான். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, வாரம் இருமுறை டிரம். போனில் சொல்லியிருக்கிறான். நான் விவரம் கேட்டுக்கொண்டதில்லை.

இவர்கள் பேசுவது ஆங்கிலம், வேகமாக. புரிந்ததை நம் பேச்சில் குறித்துக்கொள்கிறேன்.

மனைவி ஆவுடைக்குப் போன் செய்தேன்.

“என்ன சொல்லுதாவ?”

“தேடிக்கிட்டுதான் இருக்காங்க.”

“சாப்பிட்டியளா?”

“சாப்பிட்டேன்.”

ஹெலிகாப்டர் விஷயம் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

காலையில் துணி துவைத்தேன். இங்கே கொடியில் போட்டால் காயாது. சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் மடித்து வைக்கிறார்கள். மரெய்ட் இடம் ஒதுக்கித் தந்தார். ஒதுக்கும்போது நாதனின் இரண்டு பனியன்கள் கையில் வந்தன. அவர் அவற்றைப் பிடித்தபடி நின்றார். வாங்கி மேல்தட்டில் வைத்தேன்.

எல்லோரும் அவனை ‘நேதன்’ என்கிறார்கள். முழுப்பெயர் குற்றாலநாதன். அதில் பின்பாதியை எடுத்துக்கொண்டு தங்கள் பெயராக்கிவிட்டார்கள். போலீஸ் அறிவிப்பிலும் நேதன்தான். திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஊரில் தெரிந்த பெயர் அறிவிப்பில் இருப்பதுதான் தேடலுக்கு உதவும். விட்டுவிட்டேன்.

என் பெயர் பிரம்மநாயகம். சார்ஜென்ட் ‘மிஸ்டர் நாயகம்’ என்கிறார். டோனல் ‘பிரம்’ என்று முடித்துக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி

மழை. தகவல் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

டோனலின் படகில் போனேன். மூன்று படகுகள் கரையை ஒட்டிப் போயின. அவரவர் பிழைப்பை விட்டுவிட்டு வருகிறார்கள். நன்றி சொன்னால் முகத்தைத் திருப்பி வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது டோனல் கேட்டார்.

“பிரம், அடுத்த ஞாயிறு படகுகளுக்கு ஆசீர்வாதம். வருசா வருசம் பாதிரியார் துறைமுகத்துல வந்து மந்திரிப்பாரு. பேண்ட் முன்னால போகும். நேதன் இடத்த காலியா விட்டுட்டு நடக்கலாம்னு பசங்க சொல்றாங்க. எனக்கு அது பிடிக்கல. நீங்க நடக்கிறீங்களா?”

“எனக்கு டிரம் தெரியாது.”

“நான் வாசிக்கச் சொல்லலியே. நடந்தாப் போதும். அவன் கில்ட்ட போட்டுக்கிட்டு.”

கில்ட் என்ற அந்த முழங்கால் மடிப்புடை ஸ்காட்லாந்துக்காரர்களுடையது அல்லவா என்று கேட்டேன். சுக்கான் பிடித்திருந்த கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு டோனலைப் பார்த்தார்.

“இத ஊருக்குள்ள கேட்டுறாதீங்க,” என்றார் டோனல். “அவங்களுது கட்டம் போட்டது. நம்மளுது ஒரே கலரு. காவி. அதுவும் பேண்டுக்காரன் மட்டும்தான் போடுவான். சும்மா ஒருத்தன் கில்ட்டோட கடைத்தெருவுல போனான்னா, ஒண்ணு கல்யாண மாப்பிள்ள, இல்லன்னா அமெரிக்காக்காரன்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஆவுடையிடம் சொன்னதும், “காவியா?” என்றாள்.

“அசல் காவி இல்ல. கடுகு கலருதான்.”

“அவன் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்பியிருந்தானே,” என்றாள். “நீங்க பாத்துட்டு, ‘பாவாட மாதிரி இருக்கு’ன்னிய. நடங்க.”

ஜூலை 22, செவ்வாய்

உறுதியான தகவல்: வடக்கே ஒரு தீவுக்கு அப்பால் மீன்பிடிப் படகு ஒன்று ஓர் ஆணின் உடலைக் கண்டெடுத்திருக்கிறது. தகவல் தந்தவர் சார்ஜென்ட் கீவனி. காலை வீட்டுக்கே வந்து சொன்னார். மரெய்ட் தேநீர் போட்டார். யாரும் குடிக்கவில்லை.

முகத்தை வைத்து அடையாளம் காண இயலாது என்றார். பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். உத்தரவாகச் சொல்லவில்லை. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து மாதிரி எடுத்தார்கள். டப்ளினில் மரபணுப் பரிசோதனை. முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

பிறகு கேட்டார். “நேதன் உடம்பில எப்பவும் இருக்கிற பொருள் எதாவது உண்டா, மிஸ்டர் நாயகம்? மோதிரம், சங்கிலி, கயிறு, அந்த மாதிரி?”

கயிறு என்ற சொல்லை மற்றவற்றோடு சேர்த்து, அதே குரலில்தான் சொன்னார். ஆனால் கயிறு எதுவும் இல்லாத இடத்தில் போலீஸ் கயிற்றைப் பற்றிக் கேட்பதில்லை.

அரைஞாண் கயிறு பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளுக்குப் பிறந்த சில நாட்களில் இடுப்பில் கட்டுவது. சாகும்வரை அவிழ்ப்பதில்லை. இற்றுப்போனால் புதியது கட்டிக்கொண்டுதான் பழையதை எடுப்பார்கள்.

“என்ன நிறம்?”

“கறுப்பு.”

அவர் எழுதிக்கொண்டார். எழுதுவதற்கு முன் பேனா சற்று நின்றது. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

மாலை மரெய்ட் ரொட்டியும் முட்டையும் வைத்தார். முட்டை நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆவுடையிடம் புதிதாக ஒன்றும் இல்லை என்றேன். அடையாளம் தெரியாத உடல் என்பது அடையாளம் தெரியாத உடல் மட்டுமே.

ஜூலை 23, புதன்

சவரம் செய்துகொண்டேன். வெயில். டோனலிடம் ஞாயிறு நடக்கிறேன் என்று சொன்னேன்.

இந்தக் கடல் வழியாகக் கப்பல்கள் போகின்றன. அவற்றில் நம் ஊர்க்காரர்களும் கேரளத்துக்காரர்களும் வேலை பார்க்கிறார்கள். கயிறு எத்தனையோ பேர் கட்டுகிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

கில்ட் உடுத்திப் பார்த்தேன். நாதன் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. கனமான கம்பளித் துணி. எடுத்ததும் கை தாழ்ந்தது. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் முழுக்க மடிப்பாகவும் இருந்தது. மடிப்பு கொசுவம் போலவே இருந்ததால் அதை முன்னால் விட்டுக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மரெய்ட் அடுப்படியில் நின்றார். பார்த்ததும் கையிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முடியாமல் சிரித்துவிட்டார். நான் வந்தபின் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

“திருப்புங்க, திருப்புங்க. மடிப்பு பின்பக்கம் வரணும்.”

“எங்கள் ஊரில் கொசுவம் முன்னால்தான்.”

“அதையேதான் அவனும் சொன்னான்! மொத நாள் இதே மாதிரி இறங்கி வந்து, இதே எடத்துல நின்னு...” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி அந்தத் துணியால் மேசையைத் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

திருப்பிக் கட்டினேன். முழங்காலோடு நிற்கிறது. மடித்துக் கட்டிய வேட்டியின் உயரம். காலில் காற்றுப் படுவதும் அப்படியே. அந்த நேரம் டோனல் வாசலில் வந்தார். அவரைப் பார்த்ததும் என் கை இடுப்புக்குப் போய்த் துணியின் நுனியைத் தேடியது. மரியாதைக்குரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டியதை இறக்கிவிடுவது எங்கள் பழக்கம். இதில் இறக்க ஒன்றும் இல்லை. கையை எடுத்துக்கொண்டேன். டோனல் அந்தக் கையைப் பார்த்தார்.

பெல்ட் வார்களை அவரே இறுக்கிவிட்டார். பேச்சு வேண்டுமே என்று பேசினார்.

“தெருவுல எவனாவது கில்ட்டுக்கு அடியில என்னன்னு கேப்பான். எல்லா வருசமும் கேப்பானுங்க, கண்டுக்காதீங்க. எங்க யாருகிட்டயும் அதுக்குச் சரியான பதில் கிடையாது. நேதன்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. ஒரு கயிறு. உடை மாத்துற ரூம்ல மொத நாளே பாத்துட்டோம். ‘எங்க எல்லாரையும் விட நீதான்டா ஒழுங்கா உடுத்தியிருக்க’ன்னு சொல்லுவோம்.”

“கறுப்புக் கயிறு,” என்றேன்.

“ஆமா, கறுப்பு.” வாரைத் துளையில் மாட்டினார். “இல்ல, இருங்க. முன்னாடிதான் கறுப்பு. கடைசியா பாத்தப்ப செவப்பு. ‘என்னடா, படகுக்குப் புது பெயிண்டா’ன்னு கூடக் கேட்டேன். அம்மா அனுப்பினதுன்னான். இறுக்கமா இருக்கா?”

“இல்லை. சரியாக இருக்கிறது.”

ஓர் ஆதாரம் போதாது. பார்த்தவர் நினைவிலிருந்து சொல்வது, அதுவும் கேலியாகப் பார்த்தது. இரண்டாவது ஆதாரம் இல்லாமல் இதை எடுத்துக்கொள்ள முடியாது.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். மதியம் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சாண்ட்விச் அதிகம்.

ஜூலை 25, வெள்ளி

இரண்டாவது ஆதாரம் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அவளிடம் கேட்க முடியாது. ஏன் கேட்கிறேன் என்று கேட்பாள்.

நான் கேட்கவில்லை. அவளே வீடியோவில் வந்து, “அவன் ரூம காட்டுங்க,” என்றாள். காட்டினேன். கட்டில், ஜன்னல், டிரம் குச்சிகள். கதவுக்குப் பின்னால் கில்ட்.

“மேசைய காட்டுங்க. அந்தா இருக்கே பழுப்புக் கவரு, அது நான் அனுப்புனது. மே மாசம், பொறந்த நாளுக்கு. துந்நூறும் கயிறும் வச்சிருந்தேன். கறுப்பு தீந்துபோச்சுன்னுட்டான் கடைக்காரன். செவப்பு வாங்கி அனுப்புனேன். கட்டிக்கிட்டியாலன்னு கேட்டா, ‘கட்டுதேம்மா, கட்டுதேம்மா’ன்னான். உள்ள இருக்கான்னு பாருங்க.”

கவரைத் திறந்தேன். திருநீற்றுப் பொட்டலம் இருந்தது.

“பாக்குறேன்,” என்றேன். “அப்புறமா பாத்துச் சொல்லுதேன்.”

“அப்புறம் என்ன அப்புறம்? கைலதான வச்சிருக்கிய. இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

தொடர்பு சரியாக இல்லை என்றேன். அவளுக்கு என் முகம் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது. எனக்கும் அவள் முகம் தெரிந்தது.

“சரி, வைங்க,” என்றாள்.

ஜூலை 26, சனி

சார்ஜென்ட்டுக்குப் போன் செய்யவில்லை. நிலையம் சனிக்கிழமையும் திறந்திருக்கிறது.

கம்பளிக் காலுறைகளை அலமாரியில் காயவைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

படகு ஆசீர்வாதம் நடந்தது. மழை இல்லை. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றார் மரெய்ட்.

தேவாலய வாசலில் வரிசை கூடியது. முன்னால் பைப்புகள், பின்னால் டிரம்கள். டிரம் வரிசையில் கடலைப் பார்த்த ஓரம் நாதனின் இடம். அங்கே நின்றேன். பக்கத்தில் பெரிய டிரம் தூக்குகிறவர், தச்சு வேலை செய்பவராம். “இடது கால் முன்னால,” என்றார். அதன்பின் துறைமுகம்வரை பேசவில்லை. நான் கால் மாற்றும் இடங்களில் அவரும் மாற்றிக்கொண்டார்.

கடைத்தெருவில் ஒரு சுற்றுலாக்காரர் போட்டோ எடுத்தார். அமெரிக்கர். “ஸ்காட்லாந்துல எந்த ஊர் நீங்க?” என்று என்னைக் கேட்டார்.

“திருநெல்வேலி,” என்றேன்.

“வடக்கு மலைப்பக்கமா?”

“தெற்கு.”

தச்சரின் தோள் குலுங்கியது. மதுக்கடை வாசலில் வேற்றூர் இளைஞன் ஒருவன் கிளாஸைத் தூக்கிப்பிடித்து, “அடியில என்ன போட்டிருக்கீங்க?” என்று கத்தினான். உள்ளூர்க்காரர்கள் எவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அவன் கையிலிருந்த கிளாஸை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். அவன் என்ன தவறு செய்தான் என்று அவனுக்குத் தெரியாது. நியாயமாகப் பார்த்தால் தவறு ஒன்றும் இல்லை.

துறைமுகத்தில் வாசிப்பு நின்றது. பாதிரியார் புனித நீரைத் தெளித்துப் படகுகளின் பெயர்களைச் சொன்னார். பிறகு கடலில் போனவர்களின் பெயர்கள். பழைய பெயர்கள், ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. நாதன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நான் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். அடையாளம் உறுதியாகவில்லை. “கரை திரும்பாத எல்லோருக்காகவும்,” என்று முடித்தார். மௌனம்.

என் கை இடுப்புக்குப் போய்விட்டது. சவ ஊர்வலம் எதிரே வந்தால் வேட்டியை இறக்கிவிடும் கை. தடுக்க முயலவில்லை. துணி நுனியைத் தொட்டு, கீழே இழுப்பதுபோல் இழுத்துவிட்டு நின்றேன்.

பக்கத்தில் தச்சரின் கையும் அப்படியே இடுப்புக்குப் போய்க் கீழே இழுத்தது. முன்வரிசையைப் பார்த்தேன். பைப்பைக் கக்கத்தில் இடுக்கியிருந்தவர்களின் கைகளும் ஒவ்வொன்றாகப் போயின. டோனலின் கை. ஓரத்தில் நின்ற பெண்ணின் கை. வரிசை முழுக்க, இறக்குவதற்கு ஒன்றும் இல்லாத துணியை இறக்கிவிட்டார்கள்.

திரும்பும்போது டோனலிடம் கேட்டேன், அது உங்கள் ஊர் வழக்கமா என்று.

“எது? ஓ, அதுவா.” அவருக்கே யோசிக்க வேண்டியிருந்தது. “அது நேதனோடது. சவப்பெட்டி தாண்டும்போது அப்படிச் செய்வான். டிரம்காரங்களுக்கு எதோ மரியாதைன்னு நெனச்சோம். பாக்க நல்லா இருந்துச்சு. ரெண்டு பேரு செய்ய ஆரம்பிச்சாங்க, அப்புறம் எல்லாரும். வியாழக்கிழமை உங்க கையப் பாத்தப்பதான் எனக்கு... அது என்ன பிரம்?”

விளக்கினேன். வேட்டி, மடித்துக் கட்டுவது, இறக்கிவிடுவது. நாதனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சிறுவயதில் என்கூட நடந்தபோது பார்த்திருப்பான்.

“அப்ப நாங்க சரியாத்தான் செஞ்சிருக்கோம்,” என்றார் டோனல்.

“சரியாகத்தான் செய்தீர்கள்.”

வீட்டுக்கு வந்து கில்ட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். மடிப்பு கலையாமல் தொங்கவிட மரெய்ட் சொல்லித் தந்தார். என் இடுப்பில் கயிறு கறுப்பு.

ஜூலை 28, திங்கள்

காலை காவல் நிலையம் போனேன். சார்ஜென்ட் இருந்தார்.

“நான் தந்த தகவலில் ஒரு திருத்தம் உண்டு,” என்றேன். “கயிற்றின் நிறம் கறுப்பு என்று சொன்னேன். அது தவறு. சிவப்பு. ஆதாரம் இரண்டு. ஒருவர் நேரில் பார்த்தவர். இன்னொருவர் வாங்கி அனுப்பியவர்.”

சார்ஜென்ட் எழுதவில்லை. பேனாவை மேசையில் வைத்தார்.

“உக்காருங்க, மிஸ்டர் நாயகம்.”

உட்கார்ந்தேன். அவர் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு அனுமதி இல்லை, நானும் கேட்கவில்லை. “நேதனோட முழுப்பேரு எப்படி எழுதணும்?” என்று கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். குற்றாலநாதன். ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டாம் முறை ஏறக்குறைய சரியாக வந்தது.

“கயிற்றை அறுத்துவிட்டார்களா?”

“இல்ல. கேட்டுட்டுத்தான் செய்வாங்க.”

“அறுக்க வேண்டாம். அதை எங்கள் ஆட்கள்தான் செய்யவேண்டும்.”

“நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்,” என்றார். நான் எழுந்திருப்பதற்குள் சொல்லிவிட்டார்.

பிற்பகல் ஆவுடையைக் கூப்பிட்டேன். உடல் கிடைத்ததைச் சொன்னேன். என்று கிடைத்தது என்பதையும், டப்ளினில் பரிசோதனை நடப்பதையும் சொன்னேன். பின்னால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டது.

“கவருக்குள்ள இல்ல, என்ன?” என்றாள்.

“இல்ல.”

“வெள்ளிக்கிழமையே தெரியும்.”

பிறகு கேட்டாள். “அறுத்துட்டாவளா?”

“இல்ல. கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

“நல்லது.” மூக்கை உறிஞ்சினாள். “பரிசோதனைன்னு என்னவோ சொன்னியளே. அதுல வேற மாதிரி வர வழியிருக்கா?”

“முடிவு வர்ற வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது.”

“பேப்பர்ல எழுதுத மாதிரியே சொல்லுதிய.” கோபம் இல்லாமல்தான் சொன்னாள். “சரி, வரட்டும். அவன அங்க தனியா விட்றாதீங்க. பக்கத்துல இருங்க. கூட்டிக்கிட்டு வாங்க.”

சரி என்றேன்.

உடல் மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறது. நாளை காலை டோனல் வேனில் அழைத்துப் போகிறார். பார்க்க அனுமதி இல்லை. வாசல் நடையில் நாற்காலி போட்டு உட்கார அனுமதி உண்டு, சார்ஜென்ட் கேட்டு வாங்கியிருக்கிறார். வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

நிலுவை: டப்ளின் ஆய்வக முடிவு. வியாழன், முற்பகலில் எதிர்பார்க்கப்படுகிறது.